மலைமரமும் கடற்றிரையும்

1. நோக்கம்

தமிழ் இலக்கண நூலோர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தனர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும் பயிலும் மாணவர், அவ்விரண்டையும் தம்முள் தொடர்பற்ற இரு வேறு உலகங்களாகக் கொள்ளுதல் எளிது. ஆயின், திணைமயக்கம் என்னும் கருத்தையும் அந்நூலோர் உடன் வகுத்தனர் என்பதை மறத்தலாகாது. ஒரு நிலத்துப் பொருள் மற்றொரு நிலத்திற் சென்று வழங்குதல் வாழ்க்கையின் இயல்பு. நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு வழிகளிற் சென்றமையைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் கூறும். மலையில் வளர்ந்த மரம் கடலில் மிதந்தமையும் அத்தகையதொரு மயக்கமே.

அலைமேல் ஏறிச் செல்லும் அலைச்சறுக்கு, இக்காலக் கலை, இயற்கை வளம் குன்றாது பேணும் முயற்சி ஆகிய மூன்றும் எவ்விடத்திற் கூடுகின்றன என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. விடை கூறுவோர் பெரும்பாலும் கடற்கரையில் நின்றே பேசுகின்றனர். கரையைத் தூய்மை செய்தல், ஒதுங்கிய நெகிழிக் குப்பையைக் கொண்டு உருவங்கள் சமைத்தல் என்பன அவர்தம் எடுத்துக்காட்டுகள். யாம் அவ்வினாவைக் கடலில்லா ஓர் ஊரினின்று ஆராயப் புகுகின்றோம். பழனிமலைத் தொடரின் கீழ்மலை அடிவாரத்தில், திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் வட்டத்தில் அமைந்த அய்யம்பாளையம் அவ்வூர்.

எம் முடிபை முன்னரே கூறிவிடுதல் நலம். அம்மூன்றும் கூடுமிடம், அலைமேல் மனிதனைத் தாங்கும் மிதவைப் பொருளே. அப்பொருள் எம்மலையில் தோன்றிற்று, எவர் கையால் உருப்பெற்றது, பயன் முடிந்தபின் எங்குச் சென்று சேரும் என்னும் கணக்கைப் பேணும் இடத்தில் விளையாட்டும் கலையும் இயற்கைப் பேணலும் ஒன்றாகின்றன. அக்கணக்கு அறுந்த இடத்தில் அவை மூன்றும் தனித்தனியே நின்றுவிடுகின்றன.

2. சொற்கள் காட்டும் வரலாறு

முதற்கண் சொற்களை நோக்குவோம். கட்டுமரம் என்னும் நம் சொல், 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயர் எழுத்துகளில் 'கட்டமரான்' என்னும் வடிவில் இடம்பெற்றது. இன்று அச்சொல் உலகெங்கும் வழங்குகின்றது. ஆயின், இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகினையே அது பெரும்பாலும் குறிக்கின்றது. மரங்களை வரிசையாகக் கட்டி அமைத்த நம் மிதவையை அச்சொல்லாற் பிறநாட்டார் உணர்வதில்லை. சொல் உலகை வென்றது. சொல்லுக்கு உரிய பொருளோ தன் கரையிலேயே அருகி வருகின்றது.

'சர்ஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. கரையில் உடையும் அலையைக் குறிக்கும் அச்சொல்லின் தோற்றம் உறுதியாக அறியப்படவில்லை என்பர் ஆங்கிலச் சொற்பிறப்பு ஆய்வாளர். ஆயின், தொடக்கத்தில் அஃது இந்தியக் கடற்கரையைப் பற்றியே வழங்கிற்று என்பதை அவர்கள் குறிப்பிடுவர். துறைமுகம் அமைவதற்கு முன் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. மக்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைக் கடந்தே கரையேற வேண்டியிருந்தது. பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்தமையால், அலை மோதுங்கால் அப்படகு நெகிழ்ந்து கொடுத்துத் தப்பியது. கட்டுமரத்தார் உடன் சென்று, நீரில் வீழ்ந்தாரைக் காத்தனர். ஆகவே, உடையும் அலையை அஞ்சத்தக்க தனிப்பொருளாக ஐரோப்பியர் அறிந்த களங்களுள் நம் கரை தலையாயது. அதனைக் கடக்கும் கலையறிவு இக்கரை மக்களிடத்தே இருந்தது.

தமிழ்ச் சொற்களோ மேலும் ஆழமாகச் செல்கின்றன. 'புணர்' என்பது கூடுதற் பொருளது. கரையொடு வந்து கூடும் திரைக்கும், அத்திரையை உடைய கடலுக்கும் 'புணரி' என்பது பெயர். இணைத்துக் கட்டிய மிதவைக்குப் 'புணை' என்பது பெயர். தெப்பத்துக்குரிய இப்பெயரே கட்டு, பிணிப்பு என்னும் பொருள்களிலும் வழங்கும். எனவே, கட்டுமரம் என்னும் சொல்லிலும் புணை என்னும் சொல்லிலும் ஒரே கருத்து அமைந்துள்ளது. தனித்தனி மரங்கள் ஒன்றாகப் பிணிக்கப்பெறுதலே அக்கருத்து. அலையும் அலைமேற் செல்வதும் ஒரே சொல்லடியிற் பிறந்தமை நம் மொழியின் சிறப்பு என்க.

கடலில் விளையாடுதல் புதுவதன்று என்பதற்கும் சொல்லே சான்று. புனலாடுதல், கடலாடுதல் என்னும் வழக்குகள் பழமையானவை. சிலப்பதிகாரத்தில் ஒரு பகுதியே கடலாடு காதை எனப் பெயர் பெற்றுள்ளது. இதனால், பலகைமேல் நின்று அலையிற் சறுக்கும் இன்றைய ஆட்டம் சங்க காலத்தில் இருந்தது என யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் சான்றைக் கடந்து செல்வதாகும். கடலிடத்து அச்சமும் உழைப்பும் மட்டுமன்றி இன்பமும் இம்மக்களுக்கு இருந்தது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

3. கட்டுமரத்தின் அமைப்பு

கட்டுமரத்தை நேரிற் காணாத மாணவர் தொகை பெருகி வருதலின், அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். மென்மையும் இலேசும் உடைய மரத்தண்டுகளைச் செதுக்கி, 3 முதல் 7 வரையிலான மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றாற் பிணிப்பர். இடத்துக்கும் தொழிலுக்கும் ஏற்ப அவ்வெண்ணிக்கை வேறுபடும். முனைப்பகுதி அலையைப் பிளந்து ஏறுமாறு மேல்நோக்கி அமையும். மரங்களுக்கிடையே நீர் புகுந்து வெளியேறும். படகில் நீர் நிறைந்தால் அது மூழ்கும். கட்டுமரத்திலோ நீர் தங்குதற்கு இடமே இல்லை. அலையை எதிர்த்து நிற்பதற்கு மாறாக, அலையைத் தன்னூடே செல்லவிடுதல் இதன் பொறியியல் நுட்பம்.

தொழில் முடிந்து கரையேறியபின், பல ஊர்களில் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவர். நீர் ஊறிய மரம் எடைகூடி மிதக்கும் ஆற்றலை இழத்தலே இதற்குக் காரணம். ஆகவே, கட்டுமரம் என்பது நாள்தோறும் அவிழ்ந்தும் கட்டப்பெற்றும் புதிதாகும் ஒரு பொருள். ஒரு மரம் பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றலாம். கயிறு நைந்தால் கயிற்றை மாற்றலாம். முற்றும் பயனற்றபின் மரம் அடுப்புக்கோ மண்ணுக்கோ செல்லும். தென்னைநார்க் கயிறும் மட்கிப் போகும். கரையில் எஞ்சி நின்று தீங்கு செய்யும் பகுதி அதன்கண் ஒன்றும் இல்லை.

மீனவர் வலையை முடித்துக் கரை திரும்புங்கால், உயர்ந்து வரும் அலையின் முதுகில் மரத்தைச் செலுத்தி, அதன் விசையாலேயே மணலில் வந்து ஏறுவர். அலை எழும் காலத்தைக் கணித்தல், உடையும் இடத்தை முன்னறிதல், உடலின் நிறையை முன்னும் பின்னும் மாற்றுதல் என்னும் மூன்றும் இதற்கு வேண்டும். அலைச்சறுக்குப் பயிற்றுவோர் மாணவர்க்குக் கற்பிக்கும் அடிப்படைகளும் இவையே. வேறுபாடு பயனைப் பற்றியது: ஒன்று பிழைப்பு, மற்றொன்று விளையாட்டு.

4. மரம் பிறந்த மலை

கட்டுமரத்துக்கு உரிய மரங்கள் கடற்கரை மணலில் வளர்வன அல்ல. மலைவேம்பு, இலவு முதலிய மென்மரங்களும், மொலுக்கத் தீவுகளைத் தாயகமாகக் கொண்டு பின்னர்க் கேரளத்தில் வளர்க்கப்பெற்ற ஒருவகை வாகையினமும் இதற்குப் பயன்பட்டன. இலங்கையிலும் மலைவேம்பு மிதவைகளுக்குப் பயன்பட்டது. ஆகவே, கரையில் நிற்கும் ஒவ்வொரு கட்டுமரத்துக்கும் உள்நாட்டில் ஒரு காடோ தோட்டமோ இருந்தது. நெய்தலின் முதற்கருவி குறிஞ்சியின் கொடை.

அய்யம்பாளையத்தை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இஃதே. இவ்வூர் கடலினின்று 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. இங்குள்ள தென்னந்தோப்புகள் பெயர் பெற்றவை. 'அய்யம்பாளையம் நெட்டை' என்னும் தென்னை, கன்றுக்காகப் பிறவூர் உழவரும் தேடும் வகை. இங்கிருந்து மேலேறும் பாதை, தாண்டிக்குடி முதலிய கீழ்மலை ஊர்களின் காப்பித் தோட்டங்களுக்குச் செல்லும். தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக்கொடி படர்வதற்காகவும் நட்ட மரங்களுள் முருக்கினம் ஒன்று. கலியாண முருங்கை என மக்கள் கூறும் முள்மரம் அவ்வினத்ததே. கயிறு தரும் தென்னையும் மிதக்கும் மென்மரமும் ஒருங்கே வளரத்தக்க நிலம் இது. இவ்வூரினின்று கட்டுமரத்துக்கு மரமோ கயிறோ சென்றது என யாம் சொல்ல வரவில்லை. கட்டுமரத்துக்கு வேண்டிய பொருள்கள் எத்தகைய நிலத்திற் பிறக்கும் என்பதற்கு இவ்வூர் தக்கதோர் எடுத்துக்காட்டு என்பதே எம் கருத்து.

முருக்கு மரத்தைப் பற்றி வியத்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. அலைச்சறுக்கின் தாயகங்களுள் தலையாயது ஹவாய்த் தீவுகள். அங்குத் தலைவர்க்குரிய 'ஓலோ' என்னும் நீண்ட பலகை 'விலிவிலி' என்னும் மரத்தாற் செய்யப்பெற்றது. தாவர நூலார் விலிவிலியையும் நம் முருக்கையும் ஒரே இனத்தில் அடக்குவர். பெருங்கடலின் இரு மூலைகளில் வாழ்ந்த மக்கள், ஒருவரையொருவர் அறியாமலே, மிதத்தற்கு ஏற்ற மென்மரம் எது என்று ஆராய்ந்து கண்டதன் பயன் இவ்வொற்றுமை.

பலகைக்கு மரம் வீழ்த்தும் ஹவாய் வழக்கம் 1896-இல் அங்கு அச்சாகிய ஒரு கட்டுரையிற் பதிவாகியுள்ளது. மரத்தைத் தேர்ந்தபின், 'கூமு' என்னும் செந்நிறக் கடல்மீனை அடிமரத்தில் வைப்பர். மரம் வீழ்ந்தபின் வேரிடத்துக் குழி தோண்டி, வேண்டுதல் கூறி, அம்மீனை அதனுட் புதைப்பர். மலை மரத்தைத் தந்தது. கடல் மீனைத் திருப்பிக் கொடுத்தது. இதனை வெறுஞ் சடங்கு எனத் தள்ளாமல், கொண்டதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் கணக்கின் குறியீடாகக் கொள்ளுதல் பொருந்தும். கடலாடுதலும் கலையும் இயற்கைப் பேணலும் அந்த ஒரு செயலிற் கூடி நிற்கின்றன.

5. கோடையும் கொண்டலும்

மரத்தால் மட்டுமன்றிக் காற்றாலும் நீராலும் மலை கடலொடு பிணிப்புற்றுள்ளது. நம் முன்னோர் வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும் வழங்கினர். மேல்காற்றின் பெயரே பழனிமலைத் தொடரில் உள்ள கோடைமலைக்கும் அமைந்துள்ளது. இன்றைய கோடைக்கானல் என்னும் பெயரில் அது நிலைத்துள்ளது.

கோடை மலைக்குரிய தலைவனாகிய கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாடல் புறநானூற்றில் 205-ஆவதாக உள்ளது. கடலிடத்துத் திரண்ட முகில் நீர் கொள்ளாது மீளாதவாறு போலப் பரிசிலர் சுற்றம் களிறு பெறாது மீளாது என்பது அதன் உவமை. மலைத்தலைவன் கொடையைக் கூறப் புலவர் கடலை உவமை கொண்டமை கருதத்தக்கது. மலையின் வளம் கடலினின்று வருவது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். அவர் ஆண்ட 'கொண்மூ' என்னும் சொல்லும், முகிலுக்கும் கீழ்காற்றுக்கும் பொதுவாகிய 'கொண்டல்' என்னும் சொல்லும் 'கொள்' என்னும் ஒரே அடியிற் பிறந்தவை. நீரைக் கொண்டமையால் கொண்மூ. கொண்டு வருதலால் கொண்டல்.

அலைச்சறுக்குக்கு இக்காற்றுகள் இன்றியமையாதவை. அலை, தொலைவிற் பிறக்கின்றது. தென்னிந்தியப் பெருங்கடலின் புயல்களால் எழும் நீள்திரைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையை அடையும். நீரின் ஆழம் அலை உயரத்தின் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையுங்கால் அலை உடையும். அவ்வேளையிற் கடலினின்று கொண்டல் வீசினால், அலையின் முகம் சிதறி விரைவிற் சரியும். நிலத்தினின்று கோடை வீசினால், அலையின் முகம் நிமிர்ந்து வழுவழுப்பாக நிற்கும். உடைதலும் சற்றுத் தாழ்க்கும். கிழக்கு நோக்கிய சோழமண்டலக் கரையில், விடியற்காலத்து நிலக்காற்று வீசும்பொழுதே சறுக்குவோர் கடலில் இறங்குதற்குக் காரணம் இதுவே. மீனவர் இக்காற்றறிவைத் தொழிலாற் பெற்றனர். விளையாட்டினர் அவரிடமிருந்து கற்றனர்.

மூன்றாவது பிணிப்பு மணல். அலை எங்கு, எவ்வாறு உடையும் என்பதை அடிநிலத்து மணற்றிட்டுகள் முடிவு செய்யும். அம்மணலிற் பெரும்பகுதி ஆறுகள் மலையினின்று கொணர்ந்தது. அய்யம்பாளையத்தை அடுத்துள்ள மருதாநதி வைகை வடிநிலத்தைச் சேர்ந்தது. அதன்கண் இன்று அணை உள்ளது. வைகையின்மீது 1959 முதல் அணை உள்ளது. உழவுக்கு நீர் தரும் அணை மணலையும் தடுத்து நிறுத்துகின்றது. ஆற்றுமணலை அள்ளுதல் எஞ்சியதையும் குறைக்கின்றது. மலையடிவாரத்து ஊரார் ஆற்றில் செய்வது, அவர் காணாத கரையின் வடிவை மாற்றுகின்றது.

கரையோரமாக மணல் நகரும் முறைக்குச் சென்னையே சான்று. 1875-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற துறைமுகத்தின் சுவர்கள், தெற்கினின்று வடக்கு நோக்கி நகர்ந்த மணலைத் தடுத்தன. தெற்கே மெரினாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரப் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் எழுந்த துறைமுகச் சுவர்கள் நகரத்துக் கரையின் மணலைப் போக்கின. அங்குத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் நீரினுள் எஃகு அமைப்பு ஒன்றை இட்டபின் மணல் ஓரளவு மீண்டது. அலைச்சறுக்கினர் இம்மாற்றங்களைப் பிறரினும் முன்னர் உணர்வர். அலை உடையும் இடம் மாறுதலை அவர் உடலே அறியும்.

6. பொருள் மாறிய வரலாறு

கட்டுமரமும் ஹவாய்ப் பலகையும் ஒரே வழியில் மாறியமை ஒப்பியல் நோக்கில் ஆராயத்தக்கது. அமெரிக்காவில் 1950களின் இறுதியில் ஹோபி ஆல்ட்டர், கார்டன் கிளார்க் என்பார் பாலியூரித்தேன் நுரையாற் பலகை செய்யும் முறையை வளர்த்தனர். நுரையின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசப்பெற்றன. பலகை இலேசாயிற்று, விலை குறைந்தது, ஆட்டம் உலகெங்கும் பரவிற்று. ஆயின், அப்பொருள் மட்குவதன்று. செய்முறையில் நச்சுப்பொருள்கள் உண்டு. அமெரிக்கப் பலகை நுரையிற் பெரும்பகுதியை வழங்கிய கிளார்க்கின் ஆலை, நச்சுப்பொருள் பற்றிய சட்டக் கட்டுப்பாடுகளைச் சுட்டி 2005 டிசம்பரில் திடீரென மூடப்பெற்றது. அதன்பின் பலகை செய்வோர் வேறு பொருள்களை நாடினர். மரப்பலகையும் மீண்டும் கருதப்பெற்றது.

நம் கரையில் 1980களில் கண்ணாடியிழைப் படகுகள் பரவத் தொடங்கின. மென்மரம் அரிதாகி விலை ஏறியமை ஒரு காரணம். பொறி பொருத்தும் வாய்ப்பு மற்றொரு காரணம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின், துயர்துடைப்புப் பணியில் கண்ணாடியிழைப் படகுகள் பெருந்தொகையாக வழங்கப்பெற்றன. பல ஊர்களில் ஒரு தலைமுறைக்குள் கட்டுமரம் கரையை விட்டு அகன்றது. அகன்றபொழுது, மரத்தைத் தேரும் அறிவும், கட்டும் முடிச்சுகளின் பெயர்களும், பகுதிகளுக்குரிய சொற்களும் உடன் அகலத் தொடங்கின.

பெரு நாட்டு உவான்சாக்கோவிலும் இத்தகைய நெருக்கடி உண்டு. அங்குள்ள மீனவர் 'தொத்தோரா' என்னும் கோரையைக் கட்டி மிதவை செய்து, அலைமீது ஏறிக் கரைசேர்வர். அக்கோரையைக் கரையோரக் குட்டைகளில் அவர்களே பயிரிடுகின்றனர். 2013-இல் அவ்விடம் உலக அலைச்சறுக்குக் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும், தெற்கேயுள்ள சலவேரித் துறைமுகச் சுவரால் மணல் தடைப்பட்டு, கரை அரிக்கப்பட்டு, கோரைக்குட்டைகள் அழிகின்றன. அலையைக் காத்தால் போதாது, மிதவை விளையும் நிலத்தையும் காத்தல்வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

7. இன்றைய கடலாட்டும் கலையும்

தமிழகத்தில் இன்றைய அலைச்சறுக்கு, சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் வேரூன்றியது. மீனவக் குடியிற் பிறந்த மூர்த்தி மேகவன் 2012-இல் அங்குத் தொடங்கிய பள்ளியில் மீனவ இளைஞரே பயிற்றுநராயினர். 2013 முதல் அங்கு அலைச்சறுக்கும் இசையும் இணைந்த விழாக்கள் நடைபெற்றன. 2021-இல் கோவளக் கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. அதில் இரமேஷ் புதிகால் பெற்ற வெண்கலம், அப்போட்டியின் தனியாள் பிரிவில் இந்தியா பெற்ற முதற் பதக்கம். மேலைநாடுகளில் ஓய்வுடையார் ஆட்டமாக வளர்ந்த ஒன்று, இங்கு உழைப்பாளர் மக்களின் கைக்கு வந்தமை நம் கரையின் தனித்தன்மை.

இதே கரைச்சாலையில்தான் தமிழகத்து இக்காலக் கலையின் தலையாய குடியிருப்பும் உள்ளது. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் ஊர் எழுந்தது. அக்கலைஞர்கள் துணியிற் பாத்திக் வேலை முதலிய கைவினைகள் செய்து விற்று, அவ்வருவாயால் தம் ஓவியத்தையும் சிற்பத்தையும் வளர்த்தனர். கைத்தொழில் கலையைத் தாங்கிற்று. பேணல் என்பதற்கு இயற்கையைப் பற்றிய பொருளே அன்றி, பிறரைச் சாராது நெடுங்காலம் வாழும் முறை என்னும் பொருளும் உண்டு என்பதை அவ்வூர் மெய்ப்பித்தது.

ஆழிப்பேரலைக்குப்பின் ஆரோவில்லைச் சார்ந்த உபாசனா நிறுவனத்தில், மீனவ மகளிர் எஞ்சிய துணித்துண்டுகளால் 'சுனாமிக்கா' என்னும் சிறு பொம்மைகளைச் செய்தனர். அவை விற்கப்படாமல் கொடையாகவே வழங்கப்பெற்றன. 2017 சனவரியில் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்', எண்ணூர்க் கழியின் அழிவைப் பொருளாகக் கொண்டது. பொதுநிலத்தைக் குறித்த புறம்போக்கு என்னும் சொல் இழிசொல்லாய்விட்ட நிலையை மாற்றி, அதன் பழம்பொருளை அப்பாடல் மீட்டது. சொல்லாய்வாளர் செய்யும் பணியை இசை செய்தது எனலாம்.

மலையிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. கோடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலையொன்று, கழிவு பற்றிய குற்றச்சாட்டுகளை அடுத்து 2001-இல் மூடப்பெற்றது. 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய விரைசொற்பாடல் அவ்வழக்கை உலகறியச் செய்தது. 2016-இல் அதன் முன்னாள் தொழிலாளர் 591 பேர்க்கு உரிய உடன்பாடு ஏற்பட்டது. கோடைமலையின் நீர் வைகைப் படுகையை நோக்கியும் வடிகின்றது. ஆகவே, மலையிற் சிந்திய நஞ்சு மலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. நீர் செல்லும் வழியெல்லாம் அது செய்தியே.

8. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். கட்டுமரம் வறுமையின் கருவி. அதில் முழந்தாளிட்டு நாள் முழுதும் உப்புநீரில் நனைந்தோர் அதனை விட்டு நீங்கியது அவர்க்கு நன்மையே. நகரத்தார் தம் கலையுணர்வுக்காக அவரை மீண்டும் மரத்தில் ஏறச் சொல்வது அறமாகுமோ என்பது அத்தடை. இத்தடை வலியது. கண்ணாடியிழைப் படகு உழைப்பைக் குறைத்தது, தொலைவு செல்ல உதவியது என்பவற்றை யாரும் மறுத்தற்கில்லை. மீனவர் தம் தொழிற்கு உரிய கலத்தைத் தாமே தேர்தல்வேண்டும்.

ஆயின், எம் கூற்று பழமைக்கு மீள்க என்பதன்று. கலத்தை விடுதல் வேறு, கலத்தோடு இருந்த கணக்கை விடுதல் வேறு. உடைந்த கண்ணாடியிழைப் படகு கரையில் எவ்வாறு கழியும் என்பதற்கு இன்று விடை இல்லை. கட்டுமரத்துக்கு அவ்வினாவே எழுந்ததில்லை. பிழைப்புக்குரிய கலத்தில் மரத்தை வற்புறுத்த இயலாது. விளையாட்டுக்குரிய பலகையில் வற்புறுத்தலாம். அங்கே விரைவும் வருவாயும் கட்டாயமல்ல. மலைவேம்பு இன்று தமிழகத்து உழவர் நிலங்களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகப் பரவலாக வளர்க்கப்படுகின்றது. காட்டை வெட்டாமலே மென்மரம் கிடைக்கும் வழி உண்டு என்பது பெறப்படும். கட்டுமரம் செதுக்கிய முதியோர் கையும், பலகை வேண்டும் இளையோர் தேவையும், உருவமைப்பு அறிந்த கலைஞர் கண்ணும் ஒருங்கு கூடினால், இக்கரைக்கே உரிய பலகை தோன்றுதல் அரிதன்று.

9. தமிழாய்வாளர் கடமை

இம்முயற்சியில் தமிழ்த்துறைக்கு இடமில்லை எனக் கருதுதல் பிழை. கட்டுமரத்தின் ஒவ்வொரு மரத்துக்கும் கயிற்றுக்கும் துடுப்புக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அலையின் ஒவ்வொரு நிலைக்கும் மீனவரிடம் சொல் உண்டு. ஊர்தோறும் அச்சொற்கள் வேறுபடும். அகராதிகளில் ஏறாதன அவற்றுட் பல. அலைச்சறுக்குப் பயிலும் மீனவ இளைஞரோ இன்று ஆங்கிலக் கலைச்சொற்களாலேயே அலையைப் பேசுகின்றனர். தம் பாட்டனார் அதே அலைக்கு வழங்கிய பெயரைச் சிலரே அறிவர். பெயர் மறைந்தால், பெயர் சுட்டிய நுண்ணிய வேறுபாடும் கண்ணுக்கு மறையும்.

ஆகவே, முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, கட்டுமரம் செதுக்கவும் கட்டவும் அறிந்த முதியோர் உள்ளபொழுதே, ஊர்தோறும் சென்று அத்தொழிற் சொற்களைத் தொகுத்தல். இரண்டாவது, மரம் வந்த வழியைப் பின்பற்றி மலையடிவாரத்து ஊர்களிலும் தோட்டங்களிலும் மரவணிகரிடத்தும் வழங்கும் சொற்களைத் தொகுத்து, இருதிறச் சொற்களையும் ஒப்பிடுதல். மூன்றாவது, அச்சொற்களைக் கடலாடும் இளைஞர்க்கும் கலைஞர்க்கும் எட்டச் செய்தல். சங்க நூல்களிற் காணும் புணை, அம்பி, திமில் முதலிய சொற்களின் பொருளை வரையறுத்தற்கும் இத்தொகுப்பு துணைபுரியும்.

கட்டுமரத்திற் பல மரங்கள் உண்டு. அவற்றைக் கலமாக்குவது கட்டு. மலை, ஆறு, கரை, காற்று, தொழில், கலை என்பனவும் அவ்வாறே தனித்தனி மரங்கள். அவற்றைப் பிணிக்கும் கயிறுகளுள் மொழியும் ஒன்று. அக்கயிறு நைந்து வரும் இக்காலத்தில், அதனைப் புதுக்கும் பணி தமிழ் கற்றார்க்கு உரியதாகும்.